அத்தியாயம் 5: பார்த்தவர் பேசட்டும்

திருப்பதியில் ஒரு குற்றம் நடந்தால், அதைப் பார்த்தவர்களில் பலர் மறுநாள் அந்த ஊரில் இருக்க மாட்டார்கள். தரிசனம் முடிந்த கையோடு சேலத்துக்கோ ஓசூருக்கோ கோலாருக்கோ பேருந்து ஏறியிருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். கேட்பவர் தெலுங்கில் கேட்பார், சாட்சி தமிழில் சொல்வார், ஸ்டேஷன் ரைட்டர் அதைத் தெலுங்கில் எழுதுவார். சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் நிலைமை வேறு. அங்கே சாட்சி பெரும்பாலும் உள்ளூர்க்காரர். ஆனால் வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்கிறவர். கேட்கும் மொழியைப் பொறுத்து அவருக்கு ஞாபகம் வருவதும் மாறும்.

குற்றத்தை நேரில் பார்த்தவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய எல்லோருக்கும் இந்த அத்தியாயம் உதவும்: இளம் வழக்கறிஞர்கள், சட்ட உதவித் தன்னார்வலர்கள், மனித உரிமைக் களப்பணியாளர்கள், நிருபர்கள், சப்-இன்ஸ்பெக்டர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிப்பது வேறு வேலை. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சொல்ல வருவது ஒன்றுதான். சாட்சியின் நினைவில் நம் சொல் கலந்துவிட்டால், பிறகு அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது, சாட்சியாலேயே முடியாது. ஆகவே அவர் முதன்முதலாகத் தடையில்லாமல் சொல்வதை அப்படியே வாங்குவதுதான் நம் வேலையில் முக்கால் பங்கு.

சேஷாசலம்

2015 ஏப்ரல் 7. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், சந்திரகிரி மண்டலத்தில், செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து மலையோர ஊர்களின் கூலித் தொழிலாளர்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. இல்லை, எங்களோடு பயணம் வந்தவர்களை வழியிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள் தப்பி வந்த சிலர். மக்கள் கண்காணிப்பகம் அமைப்பு அவர்களைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. அவர்களுக்குப் பாதுகாப்புத் தரும்படியும், வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் பதியும்படியும் ஆணையம் சொன்னது.

அந்த வழக்கில் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பது இந்த நூலின் வேலையில்லை. ஆனால் அப்படி ஒரு நிலையில் இருக்கும் சாட்சியை நினைத்துப் பாருங்கள். மேஸ்திரி கூப்பிட்டார் என்று மரம் வெட்டக் கிளம்பியவர் அவர். உறவுக்காரர் செத்துப் போயிருக்கிறார். நடந்ததைச் சொன்னால் தன் மேலும் வழக்கு வருமோ என்ற பயம். ஊர் திரும்பிய சில நாட்களுக்குள் உறவினர், பஞ்சாயத்துத் தலைவர், கட்சிக்காரர், தொலைக்காட்சி நிருபர், களப்பணியாளர், வழக்கறிஞர், போலீஸ் என்று வரிசையாக வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கேள்விக்குள் வைத்தே கேட்கிறார்கள். அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்கிறவர் அவரிடம் போய்ச் சேரும்போது, எது அவர் கண்ணால் பார்த்தது, எது காதால் கேட்டது என்று அவருக்கே தெரியாத நிலை வந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் குறுக்கு விசாரணையில் பொய்யராக நிற்பார். இந்தத் துயரத்தைத் தடுக்கத்தான் இத்தனை கவனமும்.

நினைவு எங்கே கெடுகிறது

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, பார்த்தவர்களிடம் வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் “இடித்தபோது” என்றும், வேறு சிலரிடம் “நொறுங்க மோதியபோது” என்றும் கேட்டார்கள். இரண்டாவது வகையினர் கூடுதல் வேகம் சொன்னார்கள். அது போகட்டும். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. “இடித்தபோது” என்று கேட்கப்பட்டவர்களில் 14 சதவீதம் பேர் பார்த்தேன் என்றார்கள். “நொறுங்க மோதியபோது” என்று கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர். கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் ஒரு வாரத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டது.

சாட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இன்னும் மோசம். ஃபியோனா கேபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிகழ்ச்சியை இரண்டு கோணங்களில் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் காட்டினார்கள். இருவருமே பார்த்தது ஒன்றுதான் என்று நம்ப வைத்துப் பேசவிட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்கவே முடியாத ஒரு விவரத்தையாவது தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். நம் ஊரில் சாட்சிகள் எல்லோரையும் ஸ்டேஷன் வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறோம். மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள். அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

நம் நீதிமன்றங்களுக்கு இது புதிதல்ல. 1983-இல் பர்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சிக்கு நிழற்படம் போன்ற நினைவு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, நடந்தது ஒளிநாடா மாதிரி அவர் மனத்திரையில் ஓடாது என்ற கருத்தில் விரிவாக எழுதியது. நேரத்தைக் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள், பேசிய சொற்களை அப்படியே திருப்பிச் சொல்ல முடியாது, நீதிமன்றத்தின் சூழலும் குறுக்கு விசாரணையும் அவர்களை மிரட்டும் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. சாட்சியிடம் உட்காரப் போகும் எவரும் அதை ஒரு முறை படித்துவிட்டுப் போக வேண்டும்.

உட்காரும் முன்

சாட்சிகளைப் பிரியுங்கள். இது முதல் வேலை. பிரிக்க முடியவில்லை என்றால், தங்களுக்குள் பேச வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். வந்து சேர்ந்த சாட்சியிடம், “இதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட இதைச் சொன்னீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிவியில், கைப்பேசியில் இதைப் பற்றி ஏதாவது பார்த்தாரா என்பதையும் குறியுங்கள்.

இன்று பெரிய தொல்லை வாட்ஸ்அப். சம்பவம் நடந்த ஒரு மணி நேரத்தில் யாரோ எடுத்த காணொளி ஊர் முழுக்கச் சுற்றுகிறது. கேட்கப் போகிறவரே அதைக் காட்டி, “இதுதானே நடந்தது?” என்று தொடங்குவதைப் பார்க்கிறோம். சிசிடிவி பதிவானாலும் சரி, புகைப்படமானாலும் சரி, சாட்சி தன் வாயால் முழுவதையும் சொல்லி, அதை நீங்கள் பதிந்து முடிக்கும் வரை வெளியே எடுக்காதீர்கள்.

எங்கே உட்காருவது? ஸ்டேஷன் வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு, பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், உடல் அல்லது மனநலக் குறைபாடு உள்ளவர்கள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. காவல் அதிகாரி தன் ஸ்டேஷன் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் அந்தப் பிரிவின் கீழ் வரச் சொல்லவும் முடியும். சந்திரகிரியிலிருந்து ஒரு கடிதம் போட்டு ஜவ்வாது மலைக்காரரை வரவழைக்க இந்தப் பிரிவில் இடமில்லை. குழந்தை பாதிக்கப்பட்ட பாலியல் குற்றமென்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கறாரானது: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் கேட்க வேண்டும், காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தை நம்புகிற ஒருவர் உடனிருக்க வேண்டும்.

சட்டம் சொல்லாவிட்டாலும், சாட்சி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கும், மேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை கேட்டாலே தெரிந்துகொள்ளலாம். எதிரே உட்காராதீர்கள், சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். பதிவுக் கருவி வைப்பதென்றால் அனுமதி கேட்டு வையுங்கள்.

மரம் வெட்டப் போனவர் போல, தன் பங்கும் கலந்திருக்கும் சாட்சியிடம் கூடுதல் கவனம் வேண்டும். தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 180-ஆம் பிரிவும் அவருக்கு உரிமை தருகின்றன. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். “உங்க மேல எதுவும் வராது” என்ற வாக்குறுதி மட்டும் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. தன்னார்வலரிடம் சொன்னதற்கு வழக்கறிஞரிடம் சொன்னதற்குள்ள சட்டப் பாதுகாப்பு கிடையாது. அப்படிப்பட்டவரை முதலில் ஒரு வழக்கறிஞரோடு தனியாகப் பேச விடுவதே நியாயம்.

கேட்கும் முறை

அமெரிக்காவில் மயாமி காவல்துறையின் சாட்சி விசாரணை ஒலிநாடாக்களை ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் என்ற உளவியலாளர்கள் 1980-களில் கேட்டுப் பார்த்தார்கள். சாட்சி பேச ஆரம்பித்ததும் சராசரியாக ஏழரை விநாடியில் அதிகாரி குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். நம் ஸ்டேஷன்களில் அளந்து பார்த்தால் இதைவிட நீளமாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நினைவுகூர்தலுக்குத் துணை செய்யும் நேர்காணல் முறையை வடிவமைத்தவர்கள் இந்த இருவர்தான். 1989-இல் மயாமியில் அந்த முறையில் பயிற்சி பெற்ற துப்பறிவாளர்கள், தாங்கள் முன்பு வாங்கியதைவிட 47 சதவீதமும், பயிற்சி பெறாத சக அதிகாரிகளைவிட 63 சதவீதமும் கூடுதல் விவரம் பெற்றார்கள். பிரிட்டனில் அப்பாவிகள் சிறைப்பட்ட பல வழக்குகள் அம்பலமான பின், 1990-களின் தொடக்கத்தில் காவல்துறைப் பயிற்சிக்குள் இந்த முறை நுழைந்தது.

முறையை விளக்குவதைவிடக் காட்டுவது எளிது. பயிற்சிக்காக நான் அமைத்த ஒரு காட்சி. திருப்பதி கோவிந்தராஜர் சன்னதித் தெருவில் பூ விற்கும் தமிழ் மூதாட்டி. அவர் கண்ணெதிரே பைக்கில் வந்த இருவர் ஒரு பெண்ணின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். முதலில், வழக்கமாக நடப்பது:

“வண்டி கருப்புதானே?”

“ஆமாம்பா.”

“பின்னாடி உட்கார்ந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தானா?”

“போட்டிருந்த மாதிரிதான் இருந்துச்சு.”

“கத்தி வெச்சிருந்தானா?”

“பயத்துல சரியாப் பார்க்கல. இருக்கும்.”

வாக்குமூலத்தில் இது, “கருப்பு நிற இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் அணிந்து கத்தியுடன் வந்த நபர்” என்று ஏறும். அந்த வாக்கியத்தில் அம்மாவுடைய சொல் ஒன்றுகூட இல்லை. கருப்பு, ஹெல்மெட், கத்தி மூன்றையும் கொண்டுவந்தவர் கேட்டவர்.

இனி, கேட்க வேண்டிய விதம்:

“அம்மா, நான் அங்க இல்ல. நீங்கதான் பார்த்தீங்க. அதனால நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். இது சின்ன விஷயம், எதுக்குச் சொல்லணும்னு நினைச்சு எதையும் விட வேணாம். ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. நான் எதாவது தப்பாச் சொன்னா திருத்துங்க. முதல்ல, அன்னிக்கு உட்கார்ந்திருந்த இடத்தை மனசுல கொண்டு வாங்க. வெயிலா நிழலா, கையில என்ன வேலை, பக்கத்துல யாரு, என்ன சத்தம். கண்ணை மூடிக்கிட்டாலும் சரி, தரையைப் பார்த்துக்கிட்டாலும் சரி. அவசரமே இல்ல.”

இந்த இடத்தில் நிறைய நேரம் ஓடும். ஓடட்டும்.

“வெயில் ஏறலப்பா. தண்ணி தெளிச்சு மல்லி கட்டிக்கிட்டிருந்தேன். எதிர்ல டிபன் கடையில பாட்டு ஓடுது. ஒரு பொண்ணு வந்து மொழம் என்னன்னு தெலுங்குல கேட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கத்தறா. நான் வண்டியைப் பார்க்கல. அவ கழுத்தைத்தான் பார்த்தேன், செவந்து போச்சு.”

“ம்.”

“அப்புறம்தான் திரும்பினேன். முதுகுதான் தெரிஞ்சது. பின்னால இருந்தவன் செருப்பு ஒண்ணு கீழ விழுந்துச்சு. அதை எடுக்காமலே போயிட்டானுங்க.”

“செருப்பு விழுந்துச்சுன்னு சொன்னீங்க. அந்த எடத்தையே மனசுல வெச்சுக்குங்க. அதைப் பத்தி இன்னும் என்ன தோணுது?”

“நீல வாரு. எங்க பேரன் போடறாப்பல. எந்தக் கால்னு தெரியல.”

“தெரியலன்னா விட்டுடுங்க அம்மா.”

கருப்பு வண்டி போய்விட்டது, கத்தி போய்விட்டது. ஆனால் தெருவில் தேடி எடுக்கக்கூடிய ஒரு செருப்பும், அதே நிமிடத்தில் தெலுங்கில் விலை கேட்ட பெண்ணின் காயமும் கிடைத்திருக்கின்றன. வழக்கை நிறுத்துவது இப்படிப்பட்ட விவரங்கள்தான். படிவத்தில் அதற்கான கட்டம் இருக்காது.

இதில் நடந்ததைக் கவனியுங்கள். சூழலை மனத்தில் திரும்பக் கொண்டுவரச் சொன்னது முதல் உத்தி. 1975-இல் கோடனும் பேட்லியும் நீர்மூழ்குவோரை வைத்துச் செய்த ஆய்வில், நீருக்கடியில் படித்த சொற்கள் நீருக்கடியிலும், கரையில் படித்தவை கரையிலும்தான் நன்றாக நினைவுக்கு வந்தன. சம்பவ இடத்துக்கே அழைத்துப் போவது பல நேரங்களில் முடியாது, சில நேரங்களில் ஆபத்தும்கூட. மனத்தால் அழைத்துப் போகலாம். ஆனால் கொலையையோ தன்மேல் நடந்த வன்முறையையோ பார்த்து நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் இதை வற்புறுத்தாதீர்கள். அவர் அழுதால் நிறுத்துங்கள். கண்ணை மூடச் சொல்வது பலருக்கு உதவும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அறிமுகமில்லாத ஆண் முன்னால் கண்ணை மூட நம் பெண்கள் தயங்குவார்கள், அதனால்தான் தரையைப் பார்க்கலாம் என்ற மாற்று.

அடுத்தது, அவர் சொன்ன வரிசையிலேயே கேள்வி கேட்டது. அம்மா செருப்பில் இருக்கும்போது வண்டி நம்பருக்குத் தாவக் கூடாது. ஒரு காட்சி மனத்தில் இருக்கும்போதே அதில் உள்ளதை எல்லாம் கேட்டு முடித்துவிட வேண்டும். இன்னொன்று, கேட்டவர் எங்கும் “சபாஷ்”, “அதான் வேணும்” என்று சொல்லவில்லை. பாராட்டு கிடைத்த திசையில் நினைவு வளரும்.

முழுவதையும் சொல்லி முடித்த பிறகு இடைவெளி தெரிந்தால், கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். “அவங்க தெருமுனையில திரும்பினாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி?” என்று ஒவ்வொரு அடியாக. வழக்கமாக இப்படித்தான் நடக்கும் என்ற ஊகத்தில் நிரப்பிய இடங்கள் பின்னோக்கிப் போகும்போது உதிரும். சிறு குழந்தைகளிடம் இது வேண்டாம், குழம்பிப் போவார்கள். ஃபிஷரும் கைசல்மனும் நான்காவதாக ஒன்றைச் சொன்னார்கள்: அங்கே இருந்த வேறொருவரின் இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்பது. இதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஊகத்தை வா என்று அழைக்கும் கேள்வி அது. பயிற்சியாளர்கள் பலரும் இன்று அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த முறையில் சரியான விவரங்கள் நிறையக் கூடும்; தவறான விவரங்களும் சிறிதளவு கூடத்தான் செய்யும். கிடைத்த ஒவ்வொன்றையும் வேறு ஆதாரத்தோடு ஒப்பிடும் வேலை அப்படியே இருக்கிறது.

எந்த மொழியில்

வயோரிக்கா மரியன், உல்ரிக் நைஸர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் பேசுபவர்களைப் பற்றியது. ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழி புழங்கிய நாட்களின் நினைவுகளும், ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலச் சூழலின் நினைவுகளும் அதிகம் வந்தன. சித்தூர்க்காரருக்கு இது அன்றாடம். ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் தெலுங்கில் நடந்த சண்டையை நகரிக்காரர் ஒருவர் பார்த்திருந்தால், முதலில் அவருக்குச் சரளமான மொழியில் முழுவதையும் சொல்லட்டும். பிறகு சண்டைக்காரர்கள் பேசியதை மட்டும் தெலுங்கிலேயே, காதில் விழுந்த ஓசையோடு சொல்லச் சொல்லுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் ஓசை நினைவிருக்கும். அதை ஒலியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், ஜீப் ஓட்டுநரையோ சாட்சியின் மைத்துனரையோ உட்கார வைக்காதீர்கள். வழக்கோடு சம்பந்தமில்லாத ஒருவர் வேண்டும். சாட்சி “நான்” என்றால் அவரும் “நான்” என்றே சொல்ல வேண்டும். “அவர் என்ன சொல்றாருன்னா” என்று சுருக்கம் சொல்லக் கூடாது. தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, பிறகு தெலுங்காக்கி, இரண்டையும் சேர்த்து வையுங்கள். திருப்பதியில் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற பயணி என்றால், பேருந்து ஏறும் முன் அவரையே தன் மொழியில், தன் கையால், பார்த்ததை எல்லாம் எழுதித் தேதி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவரானால் அவர் கைப்பேசியிலேயே பேசிப் பதியட்டும். சாட்சி தானாக எழுதும் இப்படிப்பட்ட முறையை கேபர்ட், லோரெய்ன் ஹோப், ஃபிஷர் மூவரும் 2009-இல் சோதித்துப் பார்த்து, அது பிற்பாடு நினைவு மங்குவதையும் தடுக்கிறது என்று காட்டினார்கள்.

நேரம் கேட்கும்போது மணிக்கணக்கில் கேட்காதீர்கள். “அப்போ என்ன நடந்துக்கிட்டிருந்தது, என்ன கேட்டது?” என்று கேட்டால், எந்தப் பஸ் போனது, எந்தக் கடை திறந்தது, கோயிலில் என்ன மணி அடித்தது என்று அவரே சொல்வார். கடிகார நேரத்தை நீங்கள் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முகம்

2015 நவம்பர் 17 அன்று சித்தூர் மேயர் கட்டாரி அனுராதா, மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மோகனும் தாக்கப்பட்டு இறந்தார். கொலையாளிகள் புர்கா அணிந்து வந்தார்கள். அலுவலகம் நடந்துகொண்டிருந்த நேரம். கையில் ஆயுதம் தெரிந்த கணத்தில் கண் எங்கே போகும்? லாஃப்டஸும் அவருடன் இருந்தவர்களும் 1987-இல் கண் அசைவை அளந்தே காட்டினார்கள்: பார்ப்பவரின் பார்வை ஆயுதத்தில்தான் திரும்பத் திரும்ப நிற்கிறது, முகத்துக்குக் கிடைப்பது மிச்சம்தான். முகமும் மூடியிருந்தால் சாட்சியிடம் முகத்தைக் கேட்டுத் துளைப்பது அநியாயம். நடை, உயரம், குரல், கை, செருப்பு, யார் முதலில் நுழைந்தது, எந்த வாசலால் போனார்கள் என்று அவர் உண்மையில் பார்க்கக்கூடியவை நோக்கிப் பேச்சு தானாக விரியட்டும். அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2025-இல். பத்து ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறும் சாட்சியைத் தாங்கி நிற்பது முதல் நாளில் நேர்மையாக எழுதப்பட்ட வாக்குமூலம் மட்டும்தான்.

திருப்பதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மொட்டை. அறிமுகமில்லாத முகத்தை நாம் அடையாளம் காண்பதில் தலைமுடிக்கும் முகத்தின் வெளிக்கோட்டுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. கல்யாணகட்டாவில் முடி இறக்கிவிட்டுச் சந்தனம் பூசியபடி தெருவில் எத்தனையோ பேர் நடக்கும் ஊரில், “மொட்டையா இருந்தான்” என்பது அடையாளமே ஆகாது. அடையாள அணிவகுப்பு நடக்கும்போது சந்தேக நபருக்கு முடி வளர்ந்திருக்கும், சாட்சி திணறுவார். வேறொரு மொட்டையைக் கண்டதும் இவன்தான் என்று தோன்றவும் கூடும். ஆகவே முதல் நாளே காது, புருவம், பல், தழும்பு, பேச்சு ஆகியவற்றை அவராகச் சொல்ல விட்டு எழுதிவையுங்கள். அணிவகுப்பில் நிற்கும் மற்றவர்களும் அந்த வருணனைக்குப் பொருந்துகிறவர்களாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில், வட கரோலினாவின் பர்லிங்டன் நகரில், 1984-இல் ஜெனிஃபர் தாம்சன் என்ற மாணவி, தன்னைத் தாக்கியவனின் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நேரத்திலேயே உறுதியோடு கவனித்தவர். புகைப்படங்களில் ரொனால்ட் காட்டனைத் தேர்ந்தெடுத்தார், அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். படத்தில் காட்டியவரும் இவர்தான் என்று அதிகாரிகள் சொன்னதும் அவருக்குச் சந்தேகமே போய்விட்டது. காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1995-இல் மரபணுச் சோதனை அவர் நிரபராதி என்று காட்டியது. சாட்சியின் உறுதியை உண்மைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அணிவகுப்பு நடத்துகிறவருக்கு யார் சந்தேக நபர் என்று தெரியாமல் இருப்பது நல்லது. “அவன் இதில் இல்லாமலும் இருக்கலாம்” என்று சாட்சியிடம் சொல்லியே ஆக வேண்டும். அணிவகுப்புக்கு முன் கைப்பேசியில் படம் காட்டுவதும், ஸ்டேஷன் ஜன்னல் வழியே பார்க்க விடுவதும் அந்த அடையாளத்தையே பயனற்றதாக்கிவிடும். மல்கான்சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுபோல, அணிவகுப்பு தன்னளவில் முதன்மைச் சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதுதான் சாட்சியம்.

எழுதி முடித்த பின்

போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்கிறது புதிய சட்டத்தின் 181-ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் அதைச் சாட்சி சொல்வதோடு முரண்படுத்திக் காட்டத்தான் பயன்படுத்த முடியும். இதன் பொருள் என்னவென்று யோசியுங்கள். ரைட்டர் தானாகச் சேர்த்த “கருப்பு வண்டி” பல ஆண்டு கழித்து, உண்மையைச் சொல்ல வந்த அந்த அம்மாவின் மேலேயே திரும்பும். நடுவர் முன் 183-ஆம் பிரிவின் கீழ் பதியும் வாக்குமூலம் இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் சாட்சி தானாகப் போய் நடுவரிடம் நின்று அதைக் கேட்க முடியாது. விசாரணை அதிகாரி வழியாகத்தான் வர வேண்டும் என்று ஜோகேந்திர நாகக் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சேஷாசலம் சாட்சிகளின் விஷயத்தில் ஆணையத்தின் தலையீடு அத்தனை முக்கியமானதற்கு இது ஒரு காரணம். மிரட்டல் இருந்தால், 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

நீங்கள் தன்னார்வலராகவோ நிருபராகவோ எழுதும் குறிப்பும் ஒரு நாள் குறுக்கு விசாரணைக்கு வரும். சாட்சி சொன்ன சொல்லை மட்டும் எழுதுங்கள். “ஞாபகமில்லை” என்றால் அதையும் எழுதுங்கள். உங்கள் கேள்வியையும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், மொழி, உடனிருந்தவர்கள் ஆகியவற்றை மேலே குறியுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். மறுநாள் ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிடச் சொல்லி எண் கொடுங்கள். வந்தால் அதைத் தனியாக, அன்றைய தேதியோடு எழுதுங்கள், பழைய குறிப்பில் செருகாதீர்கள். அதன் பிறகு அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போலீஸ் 180-ஆம் பிரிவின் கீழ் எடுக்கும் வாக்குமூலத்தை ஒலி, ஒளிப் பதிவாகவும் எடுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் கேட்காவிட்டால் நடக்காது. எல்லைப்புறத்தில் மொழி மாறி எழுதப்படும் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் அந்தப் பதிவைக் கேளுங்கள். வாயால் கேட்காமல் மனுவாக எழுதி, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்கி வையுங்கள்.